செவலைக்குச் சீக்கு இல்லே, மாப்ளே

வா மாப்ளே. கட்டில்ல உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், கயிறு தொய்ஞ்சு கெடக்கு. இந்தப் பக்கம் உக்காரு. மொதல்ல கையைக் காட்டு பாப்போம். அடடே! மணிக்கட்டுக்கு மேல ரெண்டு எடம், கட்டைவெரலுக்குக் கீழ ஒரு எடம். நல்லாத்தான் வாங்கியிருக்கே. வெறும் கொத்து இல்லே இது. கொத்திப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கியிருக்கு. முறுக்கினாத்தான் இப்படி நீலம் பாரிக்கும்.

மூணு நாளைக்கு முந்தியே நீ இங்க வந்திருக்கணும். வரலே. உன் செவலைக்கோழி கூடையை விட்டு எந்திரிக்கலைன்னதும் நேரே டவுனுக்குப் போனே. சத்துப்பொடி வாங்கினே. தண்ணியில கரைச்சு, ஊசிக் குழாயில ஏத்தி, அது வாயில பீச்சினே. அதுக்கு ஒரு கொத்து. ராத்திரி குளிருமேன்னு பழைய துண்டை எடுத்துப் போத்திவிட்டே. அதுக்கு ஒண்ணு. மூணாவது கொத்து எதுக்குன்னு நீ வாயைத் தொறக்கலே. நீ தொறக்காட்டி என்ன, உன் வீட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறது உங்க அத்தையோட கூட்டாளி. நேத்துப் பொழுது சாயுறதுக்குள்ள சேதி வந்தாச்சு. "பெங்களூர்ப் பிள்ளை செல்போனைக் கோழி காதுகிட்ட வச்சுப் பாட்டுப் போட்டுக் காட்டுது"ன்னு. என்ன பாட்டுன்னு நான் கேக்க மாட்டேன். மனுசனுக்கு மானம் மரியாதை வேணும்.

செவலைக்குச் சீக்கு இல்லே மாப்ளே. அவயத்துக்கு வந்திருக்கு. வடக்க போனா அடைங்கிறாக, நமக்கு இங்க அவயம். அம்புட்டுத்தான் சங்கதி.

சீக்குக் கோழியை நீ பாத்ததில்லே. கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு, றெக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி மூடித் தொறக்கும். வெள்ளையாவோ பச்சையாவோ தண்ணியாக் கழியும். நீ கையை நீட்டினா வெலகிக்கக்கூடத் தெம்பு இருக்காது. உன் கையில கெடக்கிற தழும்பைப் பாத்தா தெம்புக்குக் கொறச்சல் இருக்கிறாப்புலயா தெரியுது?

அவயக்கோழி வேற சாதி. பாதிப் பலாப்பழத்தைக் கவுத்தி வச்சாப்புல உடம்பை ஊதிக்கிட்டு உக்காந்திருக்கும். கிட்டப் போனா தொண்டைக்குள்ளயே ஒரு உறுமல். எந்திரிச்சு நடந்தா முடியெல்லாம் சிலுத்துக்கிட்டு, க்ளுக் க்ளுக்குன்னு இல்லாத குஞ்சைக் கூப்பிட்டுக்கிட்டே நடக்கும். நாளைக்கு ஒரு தரம், காமணியோ இருவது நிமிசமோ வெளிய வரும். அந்த அவசரத்துல நாலு கொத்து தீனி, ரெண்டு மடக்குத் தண்ணி, புழுதியில ஒரு குளியல். அப்புறம் ஒண்ணு போடும் பாரு, கோழி போட்டதா ஆடு போட்டதான்னு சந்தேகம் வந்துரும். நாள் பூராவும் அடக்கி வச்சது இல்லையா! நாத்தமும் அப்படித்தான். அதைப் பாத்துட்டுத்தான் நீ வயித்துக் கோளாறுன்னு நெனச்சு மருந்துக் கடைக்கு ஓடியிருக்கே.

இன்னிக்கு ராத்திரி ஒரு காரியம் பண்ணு. பாட்டு வேண்டாம். மத்த கோழியெல்லாம் அடஞ்சப்புறம் செவலை எங்க இருக்குன்னு பாரு. முட்டையிடுற கோழியும் கூடையில உக்காரத்தான் செய்யும். அரை மணி, போனா ஒரு மணி. இட்டு முடிச்சதும் ஊரைக் கூட்டிக் கேறிட்டு எறங்கிப் போயிரும். இருட்டுனப்புறமும் கூட்டாளிக கூட அடையாம, தனியாக் கூடையிலயே கெடந்தா அது அவயம். இன்னும் நம்பிக்கை வரலியா? வயித்துக்கு அடியில கையை விடு. சாக்கைச் சுத்திக்கிட்டு விடு, நீ பட்டது போதும். நெஞ்சுக்குக் கீழ ஒரு எடத்துல முடியே இருக்காது. வெறும் தோலு, இட்லிக் கொப்பரை மூடியைத் தொட்டாப்புல சுடும். முட்டைக்கும் ஒடம்புக்கும் நடுவுல மறைப்பு இருக்கப்படாதுன்னு அந்த எடத்து முடி தானா உதிர்ந்துரும்.

இது எதனாலன்னு கேட்டா, மாட்டாஸ்பத்திரிப் படிப்புப் படிக்கிற என் பேரன் ஒரு பேரு சொன்னான். புரோலாக்டினாம். தாய்க்குப் பால் சுரக்க வைக்கிறதும் அதேதானாம். கோழிக்குத்தான் பால் இல்லையேடான்னேன். "அதனாலதான் தாத்தா, அதுக்கு உக்காருற வேலை"ன்னான். படிச்சவன் பதில் எப்பவும் இப்படித்தான், கேட்டதுக்கு இருக்காது, ஆனா மறுத்துப் பேசவும் முடியாது. நாட்டுக்கோழி ஒரு ஈத்துக்குப் பன்னெண்டு, பதினஞ்சு முட்டை இடும். இட்டு முடிச்சதும் உள்ள இருக்கிற கணக்குப்பிள்ளை கடையைச் சாத்திப்புட்டு, போய் உக்காருங்கிறான். அது உக்காருது. அது உக்காந்திருக்கிற வரைக்கும் முட்டை கெடையாது. அதான் வருசம் முழுக்கக் கூட்டிப் பாத்தாலும் அம்பது, அறுவதைத் தாண்டுறது பெரும்பாடு.

நீ சந்தையில வாங்கி வந்தியே ரெண்டு வெள்ளைக்கோழி, அதுக அப்படி இல்லே. லெகார்ன். இத்தாலி தேசத்துல லிவோர்னோன்னு ஒரு துறைமுகம் இருக்காம். அந்தப் பேரு இங்கிலீஷ்காரன் வாயில விழுந்து லெகார்னா வெளிய வந்திருக்கு. நாமக்கல்லுல லட்சம் லட்சமா நிக்கிறது பூராம் அந்த வழி வந்ததுதான். வருசத்துக்கு 300 முட்டை. அவயம்னா என்னன்னே தெரியாது. இட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரும். அவயத்துக்கு வராத கோழியா பாத்துப் பாத்து இனம் எடுத்து, அந்த நெனப்பையே மறக்கடிச்சுட்டான் மனுசன். நீ ஊருக்கு வந்தன்னிக்கு என்ன சொன்னே? "மாமா, இயற்கையா வாழலாம்னு வந்துட்டேன்." இயற்கை மூணு நாளாக் கூடையில உக்காந்திருக்கு. அதுக்கு நீ குளுக்கோஸ் குடுக்கிறே.

சரி, இப்ப நெசத்தைச் சொல்லு. உனக்கு முட்டை வேணுமா, குஞ்சு வேணுமா? ரெண்டும் வேணும்னு சொல்லாதே. அதைச் சொல்லி ஆவணியில நீ பட்டது போதாதா? கோழி அவயத்துல கெடக்கு, நீயும் பாத்துக்கிட்டே இருக்கே. முட்டையை எடுக்கவும் இல்லே, எண்ணி வச்சு அடையாளம் போடவும் இல்லே. ஒண்ணு உக்காந்திருக்கிற கூடைன்னா மத்த பெட்டைகளுக்கும் அதுதான் தோதான எடம். நெருக்கி ஏறி அதுலயே இட்டுட்டுப் போகும். ஒரு முட்டை ஆறு நாள் சூடு வாங்கினது, ஒண்ணு மூணு நாள், ஒண்ணு அன்னிக்கு இட்டது. நீ பாட்டுக்குக் கையை விட்டு அகப்பட்டதை எடுத்துப் போய்ச் சட்டியில உடைச்சே. மஞ்சக்கருவைச் சுத்திச் செவப்பு நூலு நூலா, நடுவுல கடுகாட்டம் ஒரு கறுப்பு முழி. உன் பொண்டாட்டி போட்ட கூச்சல்ல என் வீட்டு நாய் எந்திரிச்சுருச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் உங்க வீட்டுல ஆம்லெட் கெடையாது, சாம்பார்தான்னு கேள்வி.

முட்டைதான் வேணும்னா அவயத்தைக் கலைச்சுப்புடணும். இன்னிக்கே. நாள் ஏற ஏறக் கலைக்கிறது கஷ்டம். அதுக்கு ஊருல ஆளுக்கு ஒரு வைத்தியம். எங்க ஆத்தா இருந்த வரைக்கும் இறகு வைத்தியம். கோழியோட இறகையே ஒண்ணு பிடுங்கி, மூக்குத் தொளையில இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, மீசையாட்டம் விட்டுருவா. கோழி நாள் பூரா அந்த மீசையைக் காலால தட்டிவிடப் பாத்து, மண்ணுல ஒரசி, தலையை உதறி, உக்காருற நெனப்பையே மறந்துரும். நானும் பல வருசம் குத்தியிருக்கேன். அப்புறம் ஒரு கோழி மீசையோட தண்ணி குடிக்க முடியாம, அலகை முக்கி முக்கி எடுத்துட்டு என்னைப் பாத்துச்சு. அதோட விட்டுட்டேன். ரொம்ப இரக்கக்காரன்னு நெனச்சுராதே. அந்தக் கோழியை அன்னிக்குச் சாயங்காலம் கொழம்பு வச்சுட்டோம். ஆனாலும் இறகு குத்துறதை விட்டுட்டேன்.

வாலுல செவப்புத் துணி கட்டிவிடுவாக சிலர். கோழி மெரண்டு ஊரைச் சுத்தும். கோழி தெளியுதோ இல்லையோ, பிள்ளைகளுக்குப் பொழுது போகும். காலுல கயித்தைக் கட்டி வெயில்ல நிறுத்துறவனும் இருக்கான். அவனையும் ஒரு பொழுது பக்கத்துலயே கட்டி வச்சா எனக்குச் சம்மதம்.

தண்ணியில முக்குற வைத்தியம் ஒண்ணு இருக்கே, அதை மட்டும் எங்கிட்டக் கேக்காதே. கேட்டுட்டே, சொல்றேன். எனக்குக் கல்யாணம் ஆன வருசம், ஆடி மாசம், மாமியார் வீட்டுல விருந்து. தொழுவத்துல ஒரு கறுப்புக்கோழி க்ளுக் க்ளுக்குன்னு சுத்துது. புது மாப்பிள்ளைக்குத் தன் கெட்டித்தனத்தைக் காட்டணும் பாரு, பிடிச்சேன், மாட்டுத் தொட்டியில வயிறு நனைய மூணு முக்கு முக்கிவிட்டேன். அது உதறிக்கிட்டு ஓடி உள்வீட்டுல பூந்துச்சு. பின்னாலயே போய்ப் பாத்தா, குதிருக்குப் பக்கத்துல மண்சட்டி. சட்டியில பதிமூணு முட்டை. என் மாமியா வச்ச அவயம், பத்தொம்பதாம் நாளு. அன்னிக்கு ஒரு தரம் எரை பொறுக்க வெளிய வந்த கோழியை நான் முக்கியிருக்கேன். ஈர வயித்தோட போய் அது முட்டை மேல படுத்துக்கிச்சு. ஒண்ணுகூடப் பொரிக்கலே. மாமியா ஒரு வார்த்தை சொல்லலே. தை வந்துச்சு. கரிநாளன்னிக்கு ஊரே கறிக்கொழம்பு மணக்குது. என் எலையில கத்தரிக்காய். "ஆடியில பொரிச்சிருந்தா இன்னிக்குக் கோழி ஆயிருக்கும்"னு சொல்லிக்கிட்டே இன்னொரு கரண்டி கத்தரிக்காய் வச்சா மகராசி.

கலைக்கிறதுக்கு ஒரே வழி, அடிவயித்துக்குக் காத்து படணும். அந்தச் சூடு எறங்கினாத்தான் உள்ள இருக்கிற கணக்குப்பிள்ளை கடையைத் திரும்பத் தொறப்பான். தரையில பஞ்சாரத்தைப் போட்டு மூடினா மண்ணை நோண்டிக் குழி பறிச்சு அங்கயும் உக்காந்துக்கும். வைக்கோல், சாக்கு, மெத்தை எதுவும் அடியில ஆகாது. கம்பிக் கூண்டு இருந்தா அடியில செங்கல் குடுத்துத் தூக்கி வை. இல்லேன்னா, கயித்துக் கட்டில் மேல கோழியை விட்டு அதும்மேல பஞ்சாரத்தைக் கவுத்து, மேல ஒரு கல்லு. கயித்துச் சந்து வழியாக் கீழ இருந்து சிலுசிலுன்னு காத்து. உள்ளயே தீனி, தண்ணி. நல்ல வெளிச்சத்துல, மத்த கோழிக மேயுறது கண்ணுல படுற எடமா இருக்கணும். மூணு நாளு, அடம்பிடிக்கிற கோழின்னா நாலு, அஞ்சு. தெறந்துவிட்டதும் மத்த கோழிக கூட மேயப் போனா தெளிஞ்சுருச்சு. நேரே கூடைக்கு ஓடினா திரும்பக் கட்டில். தெளிஞ்ச கோழி பத்துப் பதினஞ்சு நாள்ல மறுபடி முட்டைக்கு வரும்.

ஆமா, இதே கட்டில்தான். அந்தத் தொய்ஞ்ச பக்கம்தான் போன வாரம் வரைக்கும் பஞ்சாரம் இருந்துச்சு. அதான் உன்னை இந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன். வேட்டியைப் பாக்காதே, அங்க படலே.

குஞ்சுதான் வேணுமா? அப்படிச் சொல்லு. மனுசன்னா ஒரு முடிவுக்கு வரணும். செவலை சிறுவிடை. அவயத்துக்கு அதை அடிச்சுக்க ஆள் கெடையாது. சண்டைக்கு வளக்கிற பெருவிடையும் உக்காரும், ஆனா ஒடம்பு கனம், கால் வச்சா முட்டை நொறுங்கும். சிறுவிடை பூ மாதிரி எறங்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் அலகாலயே முட்டையைப் புரட்டிப் புரட்டி, ஓரத்துல கெடக்கிறதை நடுவுக்கும் நடுவுல இருக்கிறதை ஓரத்துக்கும் தள்ளும். இதைத்தான் பெட்டியில மோட்டார் வச்சுச் செய்யுறாக. நீயும் இன்குபேட்டர் வாங்கலாமான்னு கேட்டே. அதுக்கு உள்ள 37.5 டிகிரி நிக்கணும். நம்ம ஊருல கரண்டு எப்ப வரும், எப்பப் போகும்னு அதை அனுப்புறவனுக்கே தெரியாது. கரண்டு போனா பெட்டி ஆறிப்போகும். செவலைக்கு எந்தக் கரண்டு? எகிப்து தேசத்துல 2000 வருசத்துக்கு முந்தியே மண்ணுல சூளை கட்டி, சாண எருவை எரிச்சு, ஆயிரக்கணக்குல பொரிக்க வச்சிருக்கான். சூடு சரியா இருக்கான்னு பாக்க முட்டையை எடுத்துக் கண்ணுமேல வச்சுப் பாப்பானாம். பேரன்தான் சொன்னான். அன்னிக்கே நான் ஒரு முட்டையை எடுத்துக் கண்ணுல வச்சுப் பாத்தேன். உங்க அத்தை பாத்துட்டு வேப்பெண்ணெய் பாட்டிலைத் தேட ஆரம்பிச்சுட்டா.

முட்டை விசயத்துக்கு வருவோம். செவலைக்கு அடியில இப்ப எத்தனை இருக்கு? ஏழா? அதுல வெள்ளைக்கோழி முட்டை ரெண்டா? மிச்சம் பிரிஜ்ஜுல ஒரு டஜன் இருக்கா? நல்லது. பிரிஜ்ஜுல குளிர்ந்த முட்டையை அவயத்துக்கு நெனச்சுக்கூடப் பாக்காதே. கழுவின முட்டையும் ஆகாது. ஓட்டு மேல இருக்கிற மாவு போயிருச்சுன்னா உள்ள கிருமி பூந்துரும். இட்டு ஒரு வாரத்துக்குள்ள இருக்கணும், வெயில் காலம்னா நாலஞ்சு நாளு. ரொம்பப் பெருசும் வேண்டாம், ரொம்பச் சிறுசும் வேண்டாம்.

இம்புட்டும் கேட்டுத் தலையை ஆட்டுறியே, ஒண்ணு கேக்க மறந்துட்டியே மாப்ளே. உன் வீட்டுல சேவல் எங்க?

முழிக்கிறே பாரு! ஐப்பசி அடைமழையில, நீ கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து மேலதிகாரிகிட்டப் பேசுறப்பல்லாம் சேவல் பின்னால நின்னு கூவுச்சு. அவரு "உங்க வீட்டுல என்ன சத்தம்"னு கேட்டாரு. உனக்கு ரோசம் வந்து, "மாமா, இதை நீங்களே வச்சுக்கங்க"ன்னு கொண்டாந்து விட்டே. வச்சுக்கிட்டேன். ஒரு நாள் வச்சுக்கிட்டேன். மறுநாள் ஞாயித்துக்கிழமை. உனக்கும் ஒரு கிண்ணம் கொழம்பு வந்துச்சே, நாட்டுக்கோழி ருசியே தனின்னு வழிச்சுத் தின்னியே, அதுதான் அது.

சேவல் போனப்புறமும் பெட்டை வயித்துல ரெண்டு வாரம், மிஞ்சினா மூணு வாரத்துக்குக் கரு தங்கும். இப்பத் தை பொறந்தாச்சு. அந்த ஏழுல ஒண்ணுலயும் உசுரு இல்லே. செவலை பாவம், 21 நாளு உக்காரும். குஞ்சு வராட்டி எந்திரிச்சுரும்னு நெனைக்காதே, சிலது அதுக்கு மேலயும் உக்காரும், மெலிஞ்சு துரும்பாகும் வரைக்கும். நீ கூமுட்டைக்குக் காவல் வச்சிருக்கே. நாள் ஏற ஏற அதுல ஒண்ணு தானா வெடிக்கும் பாரு, அந்த நாத்தத்துக்குப் பயந்து நீயே பெங்களூருக்கு பஸ் ஏறிருவே.

எங்கிட்டச் சேவல் இருக்கு, முட்டையும் இருக்கு. எல்லாம் இந்த வாரத்து முட்டை, அரிசிப் பானையில புதைச்சு வச்சிருக்கேன். ஏன் மாமா முன்னாலயே எடுத்து வச்சீகன்னு கேக்காதே. அவயத்துக்கு வர்ற கோழியை ஒரு வாரத்துக்கு முந்தியே கண்டுபிடிக்கிறது வயசானவனுக்கு ஒரு கலை. உன் செவலை கூடையை விட்டு எறங்க யோசிச்சதை நான் போன வெள்ளிக்கிழமையே செவுத்துக்கு மேல இருந்து பாத்துட்டேன். எங்கிட்ட இல்லாதது அவயக்கோழி ஒண்ணுதான். போன வாரம் கட்டில்ல இருந்ததுதான் கடைசி. அதைக் கலைக்கச் சொல்லி உங்க அத்தை ஒத்தைக் கால்ல நின்னா. காரணம் இருக்கு. சொல்றேன்.

மூங்கில் கூடை நான் தர்றேன். அடியில சலிச்ச சாம்பல், மேல வைக்கோல். நொச்சி எலை கொஞ்சம், வேப்பிலை கொஞ்சம். இது செல்லுக்கு. அவயக்கோழி ஒரே எடத்துல கெடக்கிறதனால செல்லு பிடிக்கும். மொளகாய் விதையில பாதிகூட இருக்காது, ஒடம்புல ஏறிச்சுன்னா நமச்சல்ல தூக்கமே கெடையாது. ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்க அத்தை படுக்கிற எடத்துக்கு நேர் மேல பரண்ல ஒரு அவயம் வச்சேன். அவ பத்து நாளு தெருத் திண்ணையில படுத்தா. அதுல இருந்து இந்த வீட்டுக்குள்ள அவயம்ங்கிற சொல்லே ஆகாது.

கூடைக்குள்ள ஒரு இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ஒரு வத்தல் வைக்கணும். இடி இடிச்சா முட்டை கலங்கிரும், இரும்பு இருந்தா கலங்காதும்பாக. ஆணி வச்சும் கூமுட்டை ஆயிருக்கு. ஆணி இல்லாம அத்தனையும் பொரிச்சும் இருக்கு. ஆனா ஆணி வைக்காம வச்சு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா, உங்க அத்தை சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. அந்த இடிக்குத்தான் ஆணி.

ஏழாம் நாளு ராத்திரி, வெளக்கை அணைச்சுட்டு, முட்டைக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாக்கணும். உசுரு இருந்தா சிலந்தி வலை பின்னினாப்புல செவப்பு நரம்பு ஓடும், நடுவுல ஒரு பொட்டு. வெறும் முட்டை கண்ணாடிக் குண்டாட்டம் தெளிவா இருக்கும், அதை எடுத்துரு. பதினெட்டாம் நாளுக்கு அப்புறம் கூடையைத் தொடாதே. இருவதாம் நாளு காதை வச்சா உள்ள இருந்து கீச்சுக் கேக்கும். கோழியும் பதில் பேசும். பேசிக்கிட்டே இருக்கும். ஓட்டுல ஒரு விரிசல் விழுந்து அதுக்கு மேல மணிக்கணக்கா ஒண்ணும் நடக்காது. அப்பத்தான் உன்ன மாதிரி படிச்ச கைகளுக்கு அரிக்கும். ஒதவி செய்யுறேன்னு ஓட்டை உரிச்சிராதே, ரத்தம் கசிஞ்சு செத்துரும். அது தானா வரட்டும். பொரிச்சதும் தீனி தேடி அலையாதே. மஞ்சக்கருவுல மிச்சத்தை வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் வெளிய வருது. ஒரு நாள், ஒன்றரை நாள் தாங்கும். அப்புறம் கம்பு, அரிசிக் குருணை. ஒரு வாரத்துல கழிச்சலுக்குக் கண்ணுல சொட்டு விட்டுரணும், அதை மட்டும் தள்ளிப் போடாதே. வெள்ளைக் கழிச்சல் வந்தா விடியுறதுக்குள்ள தெருவையே தொடைச்சுட்டுப் போயிரும்.

அப்புறம் பருந்துக்கு ஒரு கண்ணு, கீரிக்கு ஒரு கண்ணு. செவலை உன்னைக் கொத்தினது ஒத்திகை. குஞ்சு எறங்கினப்புறம் அது நாயைத் தொரத்துறதைப் பாரு. ரெண்டு மாசம் போனா அதே கோழி அதே குஞ்சுகளைத் தலையிலயே கொத்திப் பிரிச்சு விட்டுட்டு முட்டைக்குப் போயிரும். உன் வயசு முப்பத்தி நாலு. உங்க அம்மா இன்னும் உனக்கு மீனுல முள்ளு எடுத்துத்தான் வைக்கிறா. நான் ஒண்ணும் சொல்லலே, கோழியைப் பத்தித்தான் பேசுறேன்.

மயில் முட்டை வைக்கலாமான்னா கேக்கிறே? கருசல்காட்டுல மயிலு கோழியைவிட ஜாஸ்தியாத்தான் திரியுது, வெதச்சதை எல்லாம் பொறுக்குது. 1972-ல போட்ட வனவிலங்குச் சட்டம் இருக்கு மாப்ளே. மயில் முட்டை பொரிக்க 28 நாளு. உனக்கு உள்ள எத்தனை நாளுன்னு ஜட்ஜ் சொல்லுவாரு.

சரி, வாரக் கணக்கைப் பேசி முடிச்சிருவோம். கோழி உன்னது, முட்டை என்னது. பொரிக்கிறதுல பாதிக்குப் பாதி. ஊர் வழக்கம் அதுதான், ஆட்டுக்கும் அதுதான். பதினோரு முட்டை வைக்கிறேன். ஏன் ஒத்தைப்படைன்னா கேக்கிறே? பெரியவுக சொன்னது. ஒத்தைப்படையில வச்சாத்தான் வட்டமா அடங்கும், விலகாது. அதோட பிரிக்கிறப்ப ஒண்ணு மிஞ்சும். மிஞ்சினது முட்டைக்காரனுக்கு. இதுவும் பெரியவுக சொன்னதுதான். எந்தப் பெரியவுகன்னா, எங்க அப்பா. அவருக்கு நிறைய முட்டை இருந்துச்சு.

எது பெட்டை, எது சேவல்னு ஒண்ணரை, ரெண்டு மாசத்துக்கு முந்தித் தெரியாது. அதுவரைக்கும் பிரிக்க வேண்டாம், இங்கயே நிக்கட்டும். உன் பங்குல ஒரு சேவல் நிச்சயம் வர்றாப்புல நான் பாத்துக்கிறேன். மீட்டிங்குல கூவுச்சுன்னா திரும்ப எங்கிட்டக் கொண்டா.

செவலையை இப்பவே தூக்கிட்டு வராதே. பகல்ல எடம் மாத்தினா அவயம் கலைஞ்சு, பழைய எடத்தைத் தேடி ஓடும். இருட்டுனப்புறம், வெளக்கைப் போடாம, சாக்கைப் போத்தித் தூக்கிட்டு வா. காலையில முழிச்சா இதுதான் எடம்னு நெனச்சுக்கும். பின்பக்கமா வா, தொழுவத்து வழியா. முன்வாசல்ல உங்க அத்தை உக்காந்திருப்பா. சாக்குக்குள்ள என்னன்னு கேட்டா, "மாமா டார்ச் லைட்டு கேட்டாக, கொண்டாந்தேன்"னு சொல்லு. நெசமாவே ஒண்ணு கொண்டா. ஏழாம் நாளு வேணும், என்னதுல பேட்டரி இல்லே.